உள்ளேன் டீச்சர்

எங்கள் ஊரில் யாரும் பல் தெரியச் சிரிப்பதில்லை.
போட்டோவுக்கும் உதட்டை ஒட்டிக்கொண்டுதான்.
போர்த் தண்ணீர் பண்ணிய வேலை:
முன்பல்லில் டீத்தூள் நிறத்தில் ஒரு பட்டை,
அதற்குக் கீழே சுண்ணாம்புத் திட்டு.
சேலத்துப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்
காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்:
பொண்ணு எந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்துச்சு?

அதனால்தான் தர்மபுரியில், பென்னாகரம் ரோட்டில்,
செருப்புக்கடை மாடியில்
முல்லை ஸ்மைல் ஸ்டுடியோ ஓடியது.
ரிசப்ஷனில் நான்.
பதினோராயிரம் சம்பளம், ஊதா கோட்டு, ஏசி.
முக்கியமாக, மாஸ்க்.

மணப்பெண் பேக்கேஜ் நாற்பத்தெட்டாயிரம்.
முகத்துக்குத் தங்கப் பூச்சு, முடிக்குக் கெரட்டின்,
கடைசி வரியில் பல்.
ஒரு மணி நேரம் ராவுவார்கள்.
மாவு பறக்கும்; நகம் கருகிய வாசனை.
அப்புறம் கண்ணாடி.
அதைப் பார்த்து அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை.
வெள்ளை என்று சொல்ல முடியாது அதை.
பால்.

சரக்கு வியாழக்கிழமை வரும்.
மாதையன் எக்ஸெல் வண்டியில் கொண்டுவருவான்,
கடலைமிட்டாய் டப்பாவில்.
மேசையில் வைக்கும்போது கலகலக்கும்.
கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.
எண்ணிக்கை: இருநூற்றுப் பன்னிரண்டு.
அரிசி என்று நினைத்துக்கொள்ள ஒரு வாரம் முயன்றேன்.

பால்பல்லில் மட்டும் எங்கள் தண்ணீர் ஏறுவதில்லை.
ஏறுவதற்குள் விழுந்துவிடும்.
சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம்.
முதலில் விடியுமுன் ஏணி வைத்து ஏறினானாம் மாதையன்.
அப்புறம் ஏணி தேவைப்படவில்லை,
பள்ளிக்கூட வாசலில் பல்லுக்குப் பத்து ரூபாய்.
அப்புறம்
ஆடும்வரை காத்திருக்கவும் இல்லை.

எங்கள் ஊர் மூன்றாம் வகுப்பில் பதினேழு பிள்ளைகள்.
ஈறு மூடிக் கல்லாகிவிட்டது.
சத்துக் குறைவு என்று கேம்ப்பில் மாத்திரை தந்தார்கள்.

முதலில் திரும்பி வந்தவள் காரிமங்கலம் ரேணுபிரியா.
கல்யாணமாகிப் பதினோரு நாள்.
தூங்கும்போது வாய் பேசுதாம்.
மூணாம் வாய்ப்பாடு சொல்லுதாம்,
மூவேழில் திக்கி, மறுபடி முதலிலிருந்து.
வீட்டுக்காரர் ஹாலில் படுக்கிறார்.
டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
மவுத்வாஷ் எழுதிக்கொடுத்தார்.

அடுத்தவளுக்கு நாக்கு சாக்பீஸ் கேட்டது.
மூன்றாமவள் வரவில்லை, அவள் அம்மா வந்தாள்.
விரல் சூப்புறதை நிறுத்த மாட்டேங்குறா என்றாள்.
யார் விரல் என்று சொல்லவில்லை.

தீபாவளி போனஸ்: ஸ்டாஃபுக்கு இலவசம்.
தெரியாது என்று நான் சொல்ல முடியாது,
பன்னிரண்டு வியாழக்கிழமைகளில் என் கையெழுத்து இருக்கிறது.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
ஆனால் முப்பத்தொரு வயது.
நாலு வரன், நாலு காபி தம்ளர்.
நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன்.

இன்று காலை பஸ் லேட்.
பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்றிருந்தேன்.
மூன்றாம் வகுப்பு ஜன்னல் திறந்திருந்தது.
டீச்சர் பெயர் வாசித்தார்.
பிள்ளைகள் கையை மட்டும் தூக்கினார்கள்;
அவர்கள் வாயில் இப்போதெல்லாம்
சொல் காற்றாகத்தான் வரும்.

ச. திலகவதி.
நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.
உள்ளேன் டீச்சர்.

மு. பச்சையப்பன்.
கையால் பொத்தினேன், மாஸ்குக்கு மேலேயே.
உள்ளேன் டீச்சர்.
விரலிடுக்கில் கதகதவென்று மூச்சு,
என்னுடையது இல்லை.

டீச்சர் தலை நிமிரவில்லை,
வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனார்.
ஜன்னலில் பதினேழு முகங்கள் திரும்பின.
கோபமா என்று பார்த்தேன். இல்லை.
கடைசி பெஞ்சில் இரண்டு பேர்
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து
இடம் விட்டார்கள்.